ஒரே எழுத்துப்படம் மூன்று கணினிகளில் மூன்று விதமாகத் தெரிகிறது: காரணமும் தீர்வும்

புள்ளிக்கோலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரியில் அடுத்த மாதம், எழுத்துகளையும் குறிகளையும் அடுக்கி வரையும் எழுத்துப்படங்களுக்கென்று ஒரு சிறிய கண்காட்சி வைக்கிறோம். சாய்கோடு, அடிக்கோடு, நிலைக்கோடு ஆகியவற்றை மட்டும் கொண்டு மாணவர்கள் வரைந்த எளிய படங்கள் ஒரு பகுதி. 1990களில் மோடம் வழியாகத் தொலைபேசியில் இணைந்து பயன்படுத்திய பிபிஎஸ் எனப்படும் அறிவிப்புப் பலகைகளில் உலவிய, எழுத்துகளோடு வண்ணக் கட்டளைகளும் கலந்த ஆன்சி படங்கள் மற்றொரு பகுதி. ஆய்வகத்தில் மூன்று வெவ்வேறு இயங்குதளங்கள் உள்ள கணினிகள் இருக்கின்றன. பார்வையாளர்கள் தங்கள் கைப்பேசியிலும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

சிக்கல்கள் நான்கு. முதலாவதாக, கீழே உள்ள இந்தக் குடிசையை ஒரு மாணவிக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அவருடைய கைப்பேசியில் கூரை ஒரு பக்கமும் சுவர் ஒரு பக்கமுமாகத் தெரிந்தன.

     /\
    /  \
   /____\
   |    |
   |_[]_|

இரண்டாவதாக, பழைய ஆன்சி கோப்பைச் சாதாரண உரைத்தொகுப்பியில் திறந்தால், நிழல் விழ வேண்டிய இடமெல்லாம் ° ± ² என்ற குறிகளும், தலையில் கூம்பு வைத்த ஆங்கில யூ எழுத்துமாக நிறைந்து கிடக்கின்றன. மூன்றாவதாக, கட்டளைகளைத் தட்டும் உரைச்சாளரமான டெர்மினலில் திறந்தால் வண்ணம் வருகிறது, ஆனால் வரிகள் முறிந்து படம் சிதறிவிடுகிறது. நான்காவதாக, படத்தின் அடியில் யாரோ ஒருவரின் புனைபெயருடன் பொருள் விளங்காத ஒரு வரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவை தனித்தனிக் கோளாறுகளா, ஒரே கோளாறின் நான்கு முகங்களா என்று எனக்கு விளங்கவில்லை. அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

---

அச்சுக்கோப்பவர் எழுதியது:

முதல் சிக்கலுக்கு நான் விடை சொல்கிறேன். நான் ஈய எழுத்துக் கோத்துப் பழகியவன். எழுத்துக்கு எழுத்து அகலம் வேறு என்பதுதான் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முதல் பாடம். உங்கள் குடிசை, எல்லாக் குறிகளும் இடைவெளியும் ஒரே அகலம் உடையவை என்ற நம்பிக்கையில் வரையப்பட்டது. அந்த மாணவியின் அஞ்சல் செயலி அதை அகலம் மாறும் எழுத்துருவில் காட்டியிருக்கிறது.

ஏரியல் எழுத்துருவை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எழுத்தின் அளவை 1000 பங்காகப் பிரித்தால், அதில் இடைவெளிக்கு 278 பங்கு, சாய்கோட்டுக்கும் அதே 278, அடிக்கோட்டுக்கு 556. அதாவது ஓர் அடிக்கோடு இரண்டு இடைவெளிகளின் அகலத்தைப் பிடித்துக்கொள்கிறது. கூரையின் முதல் இரண்டு வரிகளில் அடிக்கோடு இல்லாததால் அவற்றின் நடுப்புள்ளி 1668-இல் ஒன்றாக நிற்கிறது. நான்கு அடிக்கோடுகள் உள்ள மூன்றாவது வரியின் நடுப்புள்ளி 2224-க்குப் போய்விடுகிறது. கூரையின் அடிப்பகுதி சரியாக இரண்டு இடைவெளி அளவு வலப்பக்கம் நகர்ந்துவிட்டது என்று பொருள். சுவரிலும் இதே கதைதான். வெறும் இடைவெளி உள்ள மேல்வரியை விட, இரண்டு அடிக்கோடுகள் உள்ள கீழ்வரி 556 பங்கு நீண்டு, வலது சுவர் முறிந்து நிற்கும்.

ஆகவே எல்லாக் குறிகளுக்கும் ஒரே அகலம் கொடுக்கும் எழுத்துருவில்தான் இத்தகைய படங்களைக் காட்ட வேண்டும். அதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். வரையும்போது டேப் விசையைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு கணினி அதை எட்டு இடமாகவும் மற்றொன்று நான்கு இடமாகவும் விரிக்கும். சொற்செயலியில் வரையவும் வேண்டாம். அது நேரான மேற்கோள் குறியை வளைத்து, இரண்டு சிறுகோடுகளைச் சேர்த்து ஒரே நெடுங்கோடாக்கிவிடும். பிறகு எந்த எழுத்துருவாலும் அந்தப் படத்தைக் காப்பாற்ற முடியாது.

---

பழைய மோடம் எழுதியது:

மற்ற மூன்றும் என் பங்கு. பல ஆண்டுகள் இந்தக் கோப்புகளோடு வாழ்ந்தவன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி என்ற, 1963-இல் முதன்முதலாக வெளியான தரம் ஏழு பிட் கொண்டது. அதில் 128 குறியீடுகள் மட்டுமே உண்டு. அவற்றில் திரையில் காணக்கூடியவை இடைவெளியையும் சேர்த்து 95. உங்கள் குடிசை இந்த 95-க்குள் அடங்கிவிடுவதால், எழுத்துருவின் அகலத்தைச் சரிசெய்தால் எந்தக் கணினியிலும் நிற்கும். ஆன்சி படங்கள் அப்படிப்பட்டவை அல்ல. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் வன்பொருளிலேயே 256 உருவங்கள் பதிக்கப்பட்டிருந்தன. அந்தப் பட்டியலுக்குப் பின்னர் கோட் பேஜ் 437 என்று பெயர் நிலைத்தது. 128-க்கு மேல் உள்ள இடங்களில் பிற மொழி எழுத்துகளோடு, கட்டக்கோடுகளும் ░ ▒ ▓ █ என்ற நிழல் கட்டங்களும் இருந்தன. ஓவியர்கள் தூரிகையாகக் கொண்டவை இவைதாம்.

கோப்பில் இருப்பது உருவம் அன்று, எண் மட்டுமே. 176, 177, 178 என்ற எண்களை அந்தப் பட்டியல்படி பார்த்தால் வெளிர்நிழல், நடுநிழல், அடர்நிழல் ஆகிய மூன்றும் கிடைக்கும். மேற்கத்திய மொழிகளுக்கான விண்டோஸ் பட்டியல்படி பார்த்தால் அதே எண்கள் பாகைக் குறி, கூட்டல்-கழித்தல் குறி, மேலேறிய 2 ஆகிவிடும். முழுக்கட்டத்தின் எண் 219. அதுதான் உங்கள் திரையில் கூம்பு வைத்த யூ எழுத்தாக நின்றது. ஒருங்குறிக்கு முந்தைய காலத்தில் தமிழ் இணையதளங்களைப் படித்தவர்களுக்கு இந்த நோய் பழக்கமானதே. பாமினி எழுத்துருவில் தட்டிய பக்கத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பை தெரியும். அங்கும் எண்கள் பழுதின்றி இருந்தன, எண்ணுக்கு உருவம் கொடுக்கும் பட்டியல்தான் மாறிப்போயிருந்தது.

தீர்வு, கோப்பை 437-லிருந்து ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவுக்கு மாற்றுவதாகும். ஒருங்குறியில் இந்தக் கட்டக்கோடுகளுக்கும் நிழல்களுக்கும் தனி இடம் உண்டு. ஆனால் ஓர் எச்சரிக்கை. 437 பட்டியலில் 32-க்குக் கீழே உள்ள எண்களுக்கும் சிரிக்கும் முகம், சீட்டுக்கட்டுச் சின்னங்கள், இசைக்குறி, அம்புக்குறி என்று உருவங்கள் இருந்தன. பொதுவான மாற்றிகள் அவற்றைக் கட்டுப்பாட்டுக் குறிகளாகக் கருதி அப்படியே விட்டுவிடும். மாற்றிய பின் ஏதேனும் அம்புக்குறி காணாமற்போயிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள். மூலக்கோப்பை மட்டும் ஒருபோதும் திருத்திச் சேமிக்காதீர்கள்.

வரிகள் முறிவதற்குக் காரணம் வேறு. அக்காலத் திரை 80 எழுத்து அகலம் கொண்டது. எண்பதாவது எழுத்தை எழுதியதும் அடுத்த எழுத்து தானாகவே அடுத்த வரிக்குப் போகும் என்பதை நம்பி, பல ஓவியர்களின் கருவிகள் வரி முடிவுக் குறியே இல்லாமல் கோப்பைச் சேமித்தன. உங்கள் டெர்மினல் சாளரம் 120 எழுத்து அகலத்தில் இருந்தால், முதல் வரியின் முடிவில் இரண்டாவது வரியின் பாதி வந்து ஒட்டிக்கொள்ளும். சாளரத்தை 80-க்குச் சுருக்கிவிட்டு மீண்டும் திறந்து பாருங்கள்.

அடியில் ஒட்டிய வரி குப்பை அன்று. அது சாஸ் எனப்படும் விவரப் பட்டை. 1994-இல் ஏசிட் என்ற ஓவியர் குழுவைச் சேர்ந்தவர் வகுத்தது. கோப்பின் கடைசி 128 பைட்டுகளில் படத்தின் தலைப்பு, ஓவியரின் பெயர், குழு, தேதி, எத்தனை எழுத்து அகலம் போன்றவை இருக்கும். அதற்கு முன்னால் 26 என்ற கோப்பு முடிவுக் குறி உண்டு. அக்கால இயங்குதளமான டாஸ் அந்தக் குறியைக் கண்டதும் நின்றுவிடும் என்பதால் அக்காலத்தில் இது கண்ணில் படவில்லை. இன்றைய கருவிகள் நிற்பதில்லை. தயவுசெய்து அதை வெட்டி எறியாதீர்கள், படத்தின் பக்கத்தில் வைக்க வேண்டிய பெயர்ப்பலகை அதற்குள்தான் இருக்கிறது.

---

புள்ளிக்கோலம் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சாளரத்தை 80 எழுத்துக்குச் சுருக்கியதும் படம் ஒன்றுசேர்ந்ததைப் பார்த்து ஆய்வகமே மகிழ்ந்தது. மூன்று கணினிகளிலும் இப்போது படத்தை அடையாளம் காண முடிகிறது. இருப்பினும் மூன்றும் ஒன்றுபோல் இல்லை. ஒன்றில் வரிகளுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரிகின்றன. எல்லாவற்றிலும் முகங்கள் சற்றுக் குள்ளமாகவும் அகன்றும் இருக்கின்றன. ஓவியர் அப்படி வரைந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

---

பழைய மோடம் எழுதியது:

உங்கள் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. விஜிஏ என்ற அக்காலத் திரை அட்டையின் 80 எழுத்துக்கு 25 வரி உரைமுறை 720-க்கு 400 பிக்சல் கொண்டது. அதை 4-க்கு 3 என்ற விகிதம் உள்ள கண்ணாடிக் குழாய்த் திரையில் நிரப்பும்போது, ஒவ்வொரு பிக்சலும் அகலத்தைப் போல் ஏறத்தாழ 1.35 மடங்கு உயரமாகியது. இன்றைய திரையில் பிக்சல் சதுரம். அதனால் அன்று வட்டமாக இருந்த முகம் இன்று நசுங்கியிருக்கிறது. படத்தை உயரவாக்கில் 1.35 மடங்கு நீட்டினால் ஓவியர் கண்ட முகம் திரும்பும்.

அகலத்திலும் ஒரு நுட்பம் உண்டு. எழுத்துருவில் ஒவ்வொரு எழுத்தும் 8 பிக்சல் அகலமாகத்தான் வரையப்பட்டிருந்தது, விஜிஏ அட்டை ஒன்பதாவதாக ஒரு பிக்சல் பத்தியைச் சேர்த்துக் காட்டியது. சாதாரண எழுத்துகளுக்கு அந்தப் பத்தி வெறுமையாக இருக்கும். 192 முதல் 223 வரையுள்ள குறிகளுக்கு மட்டும் எட்டாவது பத்தியை அப்படியே நகலெடுக்கும். வலப்பக்கம் நீளும் கட்டக்கோடுகளும் முழுக்கட்டமும் இந்த எல்லைக்குள் வருவதால் அவை இடைவெளியின்றி இணைந்தன. 176 முதல் 178 வரையுள்ள நிழல் கட்டங்கள் எல்லைக்கு வெளியே விடுபட்டதால் அவற்றுக்கு நடுவே மெல்லிய நிலைக்கோடு ஓடியது. ஒரு படத்துக்கு எட்டு பிக்சல் அகலம் வேண்டுமா, ஒன்பது வேண்டுமா, நீட்ட வேண்டுமா, கூடாதா என்பதைக் குறிக்க சாஸ் பட்டையின் பிந்தைய பதிப்பில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதலில் அதைப் படித்துப் பாருங்கள்.

வரிகளுக்கு நடுவே தெரியும் கோடுகளுக்குக் காரணம், எழுத்துருவின் உயரமும் வரியின் உயரமும் பொருந்தாமையே. முழுக்கட்டக் குறி 16 பிக்சல் உயரத்துக்கு வரையப்பட்டு, வரிக்கு 19 பிக்சல் ஒதுக்கினால், மிச்சம் மூன்று பிக்சல் பின்னணியாகத் தெரியத்தான் செய்யும். இன்றைய சில டெர்மினல்கள் கட்டக்கோடுகளையும் நிழல்களையும் எழுத்துருவிலிருந்து எடுக்காமல், தாமே கட்டத்தின் அளவுக்கு வரைந்துகொள்கின்றன. கோடு தெரியாத கணினிகளில் அப்படிப்பட்ட டெர்மினல் இருந்திருக்கலாம்.

---

நேர்வழி எழுதியது:

இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்க விரும்புகிறேன். அன்சிலவ் போன்ற கருவி ஆன்சி கோப்பைப் படித்துப் பிஎன்ஜி படமாக எழுதிக் கொடுக்கிறது. பிஎன்ஜி எந்தக் கணினியிலும், எந்தக் கைப்பேசியிலும் ஒரே மாதிரி தெரியும். எழுத்துரு இல்லை, அகலம் இல்லை, வரி உயரம் இல்லை. கண்காட்சிக்கு வருபவர் பார்க்க வருகிறார். அவருக்குப் பைட்டுகள் தேவையில்லை.

---

அச்சுக்கோப்பவர் எழுதியது:

நண்பர் சொல்வது வண்ண ஆன்சி படங்களுக்குப் பொருந்தும், மாணவர்களின் ஆஸ்கி படங்களுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. இந்தக் குடிசையை ஒரு சிறுவன் நகலெடுத்து, கதவுக்கு மேல் ஒரு சன்னலைச் சேர்த்துத் திருப்பி அனுப்ப முடியும். அதைப் படமாக்கிச் சட்டத்துக்குள் பூட்டினால் அந்த வாய்ப்புப் போய்விடும். எழுத்தாக இருப்பதுதான் இந்தக் கலையின் உயிர்.

எழுத்தாகவே வைத்து, எல்லாக் கணினிகளிலும் ஒன்றுபோல் காட்டவும் வழி உண்டு. பார்ப்பவரின் கணினியில் என்ன எழுத்துரு இருக்கிறது என்பதை நம்பாமல், எழுத்துருவையும் பக்கத்தோடு சேர்த்து அனுப்புங்கள். வெறுமனே ஒரே அகல எழுத்துரு வேண்டும் என்று மட்டும் கேட்டால், ஒரு கணினி கொன்சோலஸ் கொடுக்கும், ஒன்று மென்லோ கொடுக்கும், ஒன்று டெஜாவூ கொடுக்கும். கொன்சோலஸில் ஓர் எழுத்தின் அகலம் அதன் அளவில் 0.55 பங்கு, மற்ற இரண்டிலும் 0.60 பங்கு. அகலங்கள் தமக்குள் சமமாக இருந்தாலும், படம் ஒன்றில் ஒல்லியாகவும் மற்றொன்றில் பருத்தும் இருக்கும். கேட்ட எழுத்துருவில் ஒரு குறி இல்லாவிட்டால் உலாவி வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும். அந்த ஒரு குறி அந்த வரியை முழுவதுமாகத் தள்ளிவிடும்.

---

ஒலிவாசகி எழுதியது:

நான் திரைவாசிப்பான் கொண்டு படிப்பவள். இந்த இழையின் முதல் பதிவில் உள்ள குடிசை எனக்கு எப்படி வந்தது தெரியுமா? சாய்கோடு, பின்சாய்கோடு, சாய்கோடு, பின்சாய்கோடு, சாய்கோடு, அடிக்கோடு, அடிக்கோடு, அடிக்கோடு, அடிக்கோடு என்று போயிற்று. அது குடிசை என்பதை அடுத்தடுத்த பதிவுகளைக் கேட்டுத்தான் அறிந்தேன். எழுத்தாக வைத்தால் எல்லோருக்கும் திறந்திருக்கும் என்ற எண்ணத்தை ஏற்கிறேன், ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு அது தானாக நடப்பதில்லை. வலைப்பக்கத்தில் அந்தப் பகுதியை ஒரு படம் என்று அறிவித்து, கூரையும் கதவும் உள்ள ஒரு குடிசை என்று ஒரு வரி விளக்கம் இணைத்துவிட்டால், வாசிப்பான் குறிகளை விட்டுவிட்டு அந்த விளக்கத்தைச் சொல்லும். பிஎன்ஜி ஆனாலும் எழுத்து ஆனாலும் இந்த ஒரு வரியைத் தவறாமல் சேருங்கள்.

---

கீழைக்காற்று எழுதியது:

ஒரே அகல எழுத்துருதான் ஒரே வழி என்று இங்கே பலரும் எழுதியிருப்பதால் ஜப்பானின் வழக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன். 1999-இல் தொடங்கிய 2 சானல் என்ற உரையாடல் தளத்தில் வளர்ந்த எழுத்துப்படங்கள் எம்எஸ் பி கோதிக் என்ற, அகலம் மாறும் எழுத்துருவில், 12 புள்ளி அளவில் வரையப்பட்டவை. ஓவியர்கள் ஒவ்வொரு குறியின் பிக்சல் அகலத்தையும் மனத்தில் வைத்து, முழு அகல இடைவெளியையும் அரை அகல இடைவெளியையும் கலந்து, ஒரு பிக்சல் துல்லியத்துக்குக் கோடுகளை நகர்த்தினார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினிகளில் படங்கள் குலைந்தன. அதற்காகவே, அதே அகலங்களைக் கொண்ட மோனா என்ற இலவச எழுத்துருவை ஆர்வலர்கள் உருவாக்கினார்கள்.

வரைந்தவரும் பார்ப்பவரும் ஒரே அகலப் பட்டியலைக் கொண்டிருந்தால் போதும், அந்தப் பட்டியலில் எல்லாம் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இன்னொன்று: கிழக்காசிய மொழிகளுக்கு அமைத்த சில டெர்மினல்களில் ஒருங்குறிக் கட்டக்கோடுகள் இரட்டை அகலம் பெறும். அங்கிருந்து யாரேனும் உங்கள் கண்காட்சியைப் பார்த்தால் சட்டங்கள் இரு மடங்கு விரிந்து தெரியலாம்.

---

புள்ளிக்கோலம் எழுதியது:

ஒலிவாசகி அம்மா, உங்கள் பதிவைப் படித்த அன்றே எல்லாப் படங்களுக்கும் விளக்கம் எழுத ஆரம்பித்துவிட்டோம். முதலிலேயே நினைவுக்கு வராமற்போனதற்கு வருந்துகிறேன்.

பணி முக்கால்வாசி முடிந்தது. ஆஸ்கி படங்களை எழுத்தாகவே வைத்து, பழைய விஜிஏ வடிவ எழுத்துருவைப் பக்கத்தோடு இணைத்தோம், வரி உயரத்தை எழுத்தின் அளவுக்குச் சமமாக்கினோம். ஆன்சி படங்களைப் பிஎன்ஜி ஆக்கி, 1.35 மடங்கு நீட்டி, பக்கத்திலேயே மூலக்கோப்பைச் சுருக்கிய பொதியாகத் தருகிறோம். ஒரு கணினியில் திரை 125 விழுக்காடு பெரிதாக்கப்பட்டிருந்ததால் மயிரிழைக் கோடுகள் மறுபடி தோன்றின. பெரிதாக்கத்தை 100-க்குக் கொண்டுவந்து, எழுத்தின் அளவை 16-இன் மடங்குகளில் மட்டும் வைத்ததும் மறைந்தன. கைப்பேசிக்குக் கணக்குப் போட்டோம். 360 பிக்சல் அகலத்தில் 80 எழுத்து வேண்டுமானால் ஒன்றுக்கு நாலரை பிக்சல்தான் கிடைக்கிறது. ஆகவே அங்கே பக்கவாட்டில் நகர்த்திப் பார்க்கும்படி விட்டுவிட்டோம்.

புதிய சிக்கல் ஒன்று. டெர்மினலில் ஓடும் வரவேற்புத் திரையில், கட்டக்கோட்டுச் சட்டத்துக்குள் தமிழில் தலைப்பு எழுதினோம். வலது ஓரக்கோடு ஒவ்வொரு வரியிலும் ஒவ்வோர் இடத்தில் நிற்கிறது. எழுத்துகளை எண்ணித்தான் இடைவெளி விட்டோம்.

---

பழைய மோடம் எழுதியது:

நீங்கள் எண்ணுவது ஒன்று, டெர்மினல் எண்ணுவது வேறொன்று. பல டெர்மினல்கள் ஒருங்குறிப் பட்டியலில் உள்ள வகைப்பாட்டைப் பார்த்துத்தான் கட்டங்களை ஒதுக்குகின்றன. அதில் இகரக் குறி இடம் பிடிக்கும் குறியாகவும், ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் பிடிக்காத குறிகளாகவும் வகுக்கப்பட்டுள்ளன. பழைய கணக்குப்படி “கி” இரண்டு கட்டம் பிடிக்கும், “கீ” ஒரு கட்டம்தான் பிடிக்கும். நம் கண்ணுக்கு இரண்டும் தனித்தனியே ஓரெழுத்துதான். “கொ” திரையில் மூன்று உருவமாக விரிந்தாலும் அதற்குக் கிடைப்பவை இரண்டு கட்டங்கள். புதிய டெர்மினல்கள் சில வேறு விதமாக எண்ணுகின்றன. ஆகவே இடைவெளி விட்டுச் சரிக்கட்டும் எந்த முயற்சியும் இன்னொரு கணினியில் குலையும்.

இடைவெளி விடாதீர்கள். தமிழ் வரியை எழுதி முடித்தபின், எண்பதாவது பத்திக்குப் போ என்று ஆன்சி கட்டளை கொடுத்து, அங்கே ஓரக்கோட்டைப் போடுங்கள். அதற்கு முன்னால் டெர்மினல் எத்தனை கட்டம் எண்ணியிருந்தாலும் கோடு எண்பதாவது பத்தியில்தான் விழும். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதை இதனால் தடுக்க முடியாது. அதற்குத் தலைப்பைச் சட்டத்துக்கு வெளியே, படமாக வைப்பதே மேல்.

---

புள்ளிக்கோலம் எழுதியது:

ஓரக்கோடு மூன்று கணினிகளிலும் நேராக நிற்கிறது. தமிழ்த் தலைப்பைப் படமாக்கிச் சட்டத்துக்கு மேலே வைத்துவிட்டோம். கடைசியாக ஒரு கேள்வி. ஒரு படத்தில் உள்ள மரத்தண்டு பிஎன்ஜியில் பழுப்பாகவும், டெர்மினலில் மங்கிய மஞ்சளாகவும் தெரிகிறது. எது சரி?

---

பழைய மோடம் எழுதியது:

பழுப்புதான் சரி. ஐபிஎம் பிசியின் 16 வண்ணங்களில் 6 என்ற எண்ணுள்ள வண்ணத்தை விதிப்படி கலந்தால் சிவப்பு 170, பச்சை 170, நீலம் 0 என்று மங்கிய மஞ்சள் வர வேண்டும். ஐபிஎம் அதில் பச்சையைப் பாதியாகக் குறைத்து 170, 85, 0 என்று பழுப்பாக்கியது, ஓவியர்களும் அதையே கண்டு மரமும் மண்ணும் தீட்டினார்கள். உங்கள் டெர்மினலின் வண்ண அமைப்பில் அந்த மங்கிய மஞ்சளை மட்டும் மாற்றுங்கள்.

---

புள்ளிக்கோலம் எழுதியது:

மாற்றிவிட்டேன். மரத்தண்டு பழுப்பாகிவிட்டது, அதன் நிழலில் ஒரு கயிற்றுக் கட்டில் வரையப்பட்டிருப்பது இப்போதுதான் எங்கள் கண்ணில் பட்டது. சாஸ் பட்டையில் இருந்த ஓவியரின் புனைபெயரை அச்சிட்டு அந்தக் கணினியின் கீழே ஒட்டியிருக்கிறோம்.